பார்வைக்கு ஓர் ஏணி, ஏறுவதற்கு ஓர் ஏணி

ஜூலை 2

நிலக்கரி ஏற்றிக்கொண்டிருக்கிறோம். மூக்கைச் சிந்தினால் கறுப்பு. தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுத் தண்ணீர் எடுத்து வருவதற்குள் சோறும் கறுப்பு. கப்பலின் பெயர் ஸ்வர்ண கீர்த்தி. ஸ்வர்ணம் என்றால் தங்கம் என்று சீஃப் ஆபீசர் ஸ்ரீவத்சன் ஒருமுறை எங்களுக்கு விளக்கினார். விளக்கும்போது அவர் காதுக்குள்ளும் கரி இருந்தது.

இந்த டைரி என் மைத்துனன் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில் இலவசமாகக் கொடுத்தது. ஆறு மாதம் அலமாரியில் கிடந்தது. இந்தத் தடவை கிளம்பும்போது பெர்பெத்தா பைக்குள் வைத்துவிட்டாள். “யாரையாவது திட்டணும்னு தோணுச்சுன்னா இதுல எழுதித் திட்டுங்க. போன் போட்டு என்னைய வாட்டாதீங்க” என்றாள். இருபத்தோரு வருட இல்லறத்தின் சாரம் அது.

முதல் பக்கத்தில் உரிமையாளர் விவரம் கேட்டிருக்கிறார்கள். பெயர்: அலாய்சியஸ் மச்சாது. வயது: 44. ஊர்: தூத்துக்குடி. தொழில்: ஏ.பி., அதாவது திறமையுள்ள மாலுமி. திறமை உண்டு என்பதற்கு அரசாங்கச் சான்றிதழ் இருக்கிறது. ஆடும் பல் உண்டா: இல்லை.

ஜூலை 3

டெக் வேலை என்பது துருவோடு நடத்தும் குடும்பம். காலையில் சுத்தியலால் தட்டித் துருவை எடுப்போம். மத்தியானம் பெயின்ட் அடிப்போம். பெயின்ட் காய்வதற்குள் அடியில் துரு வந்து உட்கார்ந்திருக்கும். அது போகக் கயிறு கட்டுவது, கட்டிய கயிற்றை அவிழ்ப்பது, கிடங்கு கழுவுவது, சுக்கான் பிடிப்பது, தூரத்தில் மீன்பிடிப் படகு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்பது. தெரிந்தால் சொல்ல வேண்டும். சொன்னால், “தெரியுது, தெரியுது” என்பார்கள்.

இன்று ஓய்வு நேரப் பதிவேட்டில் போன மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டோம். அதன்படி நான் தினமும் பத்து மணி நேரம் ஓய்வெடுத்திருக்கிறேன். ஜூன் 28 மத்தியானம் கொதிக்கிற இரும்பில் மண்டியிட்டுக் கிடங்குக் கதவுக்கு கிரீஸ் வைத்தேன். பதிவேட்டில் அந்த நேரம் தூங்கிக்கொண்டிருக்கிறேன். நல்ல தூக்கமாகத்தான் இருந்திருக்கும். எனக்குத்தான் வந்து சேரவில்லை.

ஜூலை 5

கடலில். காற்று தென்மேற்கு.

சீஃப் சார் டெக் ஆட்கள் எல்லோரையும் கூப்பிட்டார். நங்கநல்லூர்க்காரர். சட்டை மடிப்பு கலையாமல் நிலக்கரிக் கப்பலில் வேலை பார்க்கும் ஒரே மனிதர்.

“பாருங்க, தூத்துக்குடில இன்ஸ்பெக்‌ஷன் இருக்கு. ஒரு குறைகூட எழுதக் கூடாது. டெக்ல எங்க பாத்தாலும் புது பெயின்ட்டா இருக்கணும்.”

“காஞ்ச பெயின்ட்டா, காயாததா சார்?” என்றேன்.

“அலாய்சியஸ், உங்க ஜோக்கெல்லாம் இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சப்புறம்.”

போசன் தொம்மை அண்ணன் என் விலாவில் இடித்தார். போசன் என்றால் டெக் ஆட்களுக்குத் தலைவர். உவரிக்காரர். அடுத்த வருடம் ஓய்வு. அதுவரை யாரும் எதுவும் பேசாமல் இருந்தால் போதும் என்பது அவருடைய ஒரே பிரார்த்தனை.

பிறகு ஏணி விஷயம் வந்தது. துறைமுகத்துக்கு வெளியே கப்பல் வந்ததும், அதை உள்ளே நடத்திக்கொண்டு போக பைலட் ஒருவர் சின்னப் படகில் வருவார். கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கவாட்டில் கயிற்றேணியைத் தொங்கவிடுவோம். அவர் படகிலிருந்து தாவிப் பிடித்து, இரண்டு மாடி உயரம் ஏறி வருவார். அந்த ஏணியைக் கட்டி, அருகில் நின்று, அவர் கையைப் பிடித்து மேலே தூக்கிவிடுவது என் வேலை.

எங்களிடம் ஏணி இரண்டு. பழையது ஏறுவதற்கு. புதியது பார்வைக்கு. புதியது போன வருடம் வந்தது. சரக்கறையில் பிளாஸ்டிக் உறைக்குள் படுத்திருக்கிறது. சோதனைக்கு வருகிற அதிகாரிகளுக்கு உறையைப் பிரித்துக் காட்டுவோம். மணிலாக் கயிறு பொன் நிறத்தில் இருக்கும். போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பிறகு மறுபடி உறை போட வேண்டும். உறை போடுவது இரண்டு மணி நேர வேலை. யார் வேலை என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் ஊர் மாதா தேர்கூடச் சில வருடத்துக்கு ஒரு தடவை வெளியே வரும். இந்த ஏணியின் மேல் இதுவரை மனிதக் கால் பட்டதில்லை.

“புதுச ஏன் சார் வச்சிருக்கோம்? மாட்டிரலாமே” என்று போசன் ஒருமுறை கேட்டார்.

“யூஸ் பண்ணா அழுக்காயிடும் போசன்” என்றார் சீஃப் சார்.

ஜூலை 7

சென்னைக்கு வடக்கே உள்ள துறைமுகம். பாதி நிலக்கரியை இங்கே இறக்க வேண்டும்.

காலை ஒன்பது மணிக்கு பைலட் படகு வந்தது. பைலட் ஒரு பெண். கேப்டன் மேனகா என்று வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும். படகின் முன்பக்கம் நின்று ஏணியை மேலிருந்து கீழாக, பெண் பார்க்க வந்த மாமியார் மாதிரி பார்த்தார். ஏறவில்லை. வயர்லெஸ்ஸை எடுத்தார்.

“மேல இருந்து நாலாவது படி. இடது பக்கக் கயிறு நைஞ்சு போயிருக்கு. இதுல நான் ஏற மாட்டேன். வேற ஏணி போடுங்க.”

எட்டிப் பார்த்தேன். கப்பலின் விளிம்பில் உரசி உரசி நாலாவது படிக்குக் கீழே கயிற்றின் பிரி இரண்டு பிய்ந்து முடி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. இருபது அடி கீழே ஆடும் படகிலிருந்து அந்த அம்மா பார்த்துவிட்டார். மூன்றடி தூரத்தில் நிற்கிற நான் பார்க்கவில்லை என்று எழுதினால் இந்த டைரி நம்பும்.

கேப்டன் குருவிலா மேலே இருந்து கத்தினார். மலையாளமும் தமிழும் கோபத்தில் அவருக்கு ஒன்றாகிவிடும். “எந்தா அலாய்ஸே, புதுசு இல்லே அவிட? எடுக்கு!”

ஓடிப்போய்ப் புது ஏணியைக் கொண்டுவந்து உறையைக் கிழித்துக் கட்டினோம். நாற்பது நிமிடம். அந்த அம்மா ஏறி வந்தார். கையுறையைக் கழற்றிக்கொண்டே என்னிடம் கேட்டார்.

“இவ்ளோ நல்ல ஏணி வச்சிக்கிட்டு ஏங்க அத தொங்க விட்டீங்க?”

“இது பார்வைக்கு மேடம்.”

நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்திருப்பார். சிரிக்கவில்லை. பழைய ஏணியை அழிக்க வேண்டும் என்று எழுதி, சீஃப் சாரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் இறங்கினார்.

ஜூலை 8

பழைய ஏணி இன்று அழிக்கப்பட்டது. பதிவேட்டில்.

‘பழைய பைலட் ஏணி, துண்டுகளாக வெட்டி அப்புறப்படுத்தப்பட்டது’ என்று சீஃப் சார் எழுதினார். போசன் சாட்சிக் கையெழுத்து. பிறகு புது ஏணியைக் கழுவிக் காயவைத்து உறை போடச் சொன்னார். இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஐந்து நாள்தான் இருக்கிறதாம்.

“அப்ப தூத்துக்குடில பைலட்டுக்கு எத சார் கட்ட?” என்று கேட்டேன்.

“பழசையே கட்டுங்க. ஒரே ஒரு தடவைதானே. அந்தப் பிரி மட்டும் வெளில தெரியாம ஏதாவது பண்ணுங்க. உங்களுக்குத்தான் கை வேலை நல்லா வருமே.”

வரும். பிய்ந்த கயிற்றில் நூல் சுற்றுவதில் இந்தக் கப்பலில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. மெழுகு தடவிய நூல். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே ஊசி நுழையாது. ஒரு சாண் நீளத்துக்குச் சுற்றி முடிச்சை உள்ளே புதைத்துவிட்டேன். சமச்சீராக இருக்கட்டும் என்று வலது பக்கக் கயிற்றிலும் அதே இடத்தில் சுற்றினேன். அங்கே பிய்யவே இல்லை. அழகுக்காக.

போசன் வந்து தடவிப் பார்த்தார். “பொம்பளப் பிள்ளைக்குச் சட பின்னுன மாதிரி இருக்குலே” என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

புது ஏணிக்கு உறை போட்டு முடிக்க மாலை ஆறு மணி. பதிவேட்டின்படி ஓய்வில் இருந்தேன்.

ஜூலை 9

முன்பக்க டெக்கில் பச்சை பெயின்ட். என் செருப்பும் பச்சை. சமையல்காரர் வைத்த சாம்பாரும் ஏறக்குறைய அதே நிறம்.

ஜூலை 11, காலை

ஊர் தெரிகிறது. அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி முதலில், பிறகு உப்பளத்து வெள்ளை. காற்று பலமாக இருக்கிறது. ஆடிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, காற்றுக்கு அவசரம்.

பைலட் பத்தரைக்கு வருகிறார். யார் என்று கேட்டேன். கேப்டன் சதக்கத்துல்லா. காயல்பட்டினத்துக்காரர், நல்ல கனம், வயது ஐம்பத்தெட்டு. ஏறி வந்ததும் முதல் கேள்வி, “என்ன ஏணிக்காரரே, சாயா ரெடியா?” மேனகா அம்மாவைப் போல் நின்று ஆராய்கிறவர் இல்லை. ஏணியைப் பார்க்கவே மாட்டார். அவர் வந்தால் எங்களுக்கு நிம்மதி.

போசன் காலையில் ஏதோ கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சின்ன விஷயம்.

ஏணி கட்டப் போகிறேன்.

ஜூலை 11, மாலை

வேலை அதிகம். எழுத நேரமில்லை.

ஜூலை 12

கரையில் கட்டியாகிவிட்டது. கிரேன் நிலக்கரியை அள்ளுகிறது. கிடங்குகளில் காற்று அடிக்கிற பக்கமாகத் தார்ப்பாய் கட்டினோம். முன்பக்கக் கயிற்றில் ஒன்று தளர்ந்திருந்தது, இறுக்கினேன். குடிதண்ணீர் ஏற்றினோம். மத்தியானம் மீன் குழம்பு.

நேற்று பைலட் ஏணியிலிருந்து வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிவு, தோள்பட்டையிலும் அடி. ஆஸ்பத்திரியில் இருக்கிறார். உயிருக்கு ஆபத்து இல்லை. வேறொரு பைலட் வந்துதான் கப்பலை உள்ளே கொண்டுவந்தார்.

‘படகிலிருந்து தாவும்போது அலை காரணமாகக் கால் வழுக்கி விழுந்தார், ஏணி நல்ல நிலையில் இருந்தது’ என்று சீஃப் சார் ஆங்கிலத்தில் அடித்துக் கொண்டுவந்த தாளில் ஏழு பேர் கையெழுத்துப் போட்டோம். சமையல்காரரும் போட்டார். சம்பவத்தின்போது அவர் கீழே வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார். இருந்தாலும் அலையைத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்.

ஜூலை 13

கப்பல்களைச் சோதிக்கும் அரசாங்க சர்வேயர் திருவேங்கடம் வந்தார். இன்ஸ்பெக்‌ஷன், விபத்து விசாரணை இரண்டும் அவரே. ஒல்லியான மனிதர். பேனாவை மூடியே வைத்திருக்கிறார், தேவைப்பட்டால் மட்டும் திறக்கிறார்.

ஏணியை ஒவ்வொரு படியாகத் தடவிப் பார்த்தார். அசைத்தார். கயிற்றை மூக்கருகில் வைத்து மோந்தார்.

“படகுல இருந்தவங்க கயிறு அறுந்துச்சுன்னு சொல்றாங்களே?”

“ஷாக்ல சொல்றாங்க சார்” என்றார் சீஃப் சார். “நீங்களே பாக்கறீங்களே. எங்க அறுந்திருக்கு?”

“பழைய ஏணி ஒண்ணு இருந்ததா ஒரு குறிப்பு இருக்கு.”

“எட்டாம் தேதியே அழிச்சாச்சு சார். பதிவேடு இருக்கு.”

பதிவேட்டைப் பார்த்தார். பேனாவைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்தார். “நீங்கதானே ஏணி பக்கத்துல நின்னவர்? வழுக்கினாரா?”

“எழுதிக் குடுத்திருக்கேன் சார்” என்றேன்.

அது உண்மை. எழுதித்தான் கொடுத்திருக்கிறேன்.

சோதனை முடிந்தது. கப்பலில் ஒரு குறையும் இல்லை. பைலட் ஏணி என்ற கட்டத்துக்கு நேரே ‘மிக நன்று’. சீஃப் சார் எல்லோருக்கும் குளிர்பானம் வாங்கிக் கொடுத்தார். போசன் குடிக்காமல் தன் பாட்டிலைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டுப் போனார்.

ஜூலை 14

இரண்டு நாள் வீட்டில் இருக்க அனுமதி கிடைத்தது. பெர்பெத்தா சீலா மீன் குழம்பு வைத்திருந்தாள். செய்தித்தாளை எனக்கு எதிரே மடித்து வைத்திருந்தாள். ‘கப்பலில் ஏறும்போது தவறி விழுந்தார் பைலட்’ என்று நான்கு வரி.

“தவறியா விழுந்தாரு?” என்றாள்.

“பேப்பர்லதான் போட்டிருக்குல்லா.”

“பேப்பர்ல போட்டத நானும் படிச்சேன். நீங்க அங்க நின்னீங்கல்லா, நீங்க சொல்லுங்க.”

“மீன் நல்லாருக்கு.”

“மீனப் பத்தி நான் கேக்கல.”

கைகழுவிவிட்டுப் பின்வாசலில் போய் உட்கார்ந்தேன். அவளிடம் சொல்லவில்லை. திட்டுவதற்குக் கொடுத்த டைரி, திட்ட வேண்டிய ஆளைத் திட்டட்டும்.

பதினோராம் தேதி காலை போசன் கேட்டது இதுதான். “ஏலே அலாய்ஸு, காத்து இந்த அடி அடிக்கி. மனுசன் வேற கனத்த ஆளு. சீஃபுக்குத் தெரியாம புதுச எறக்கிட்டு, அவரு ஏறுனதும் சுருட்டி வச்சிருவமா?” நல்ல யோசனை. சீஃப் சார் அந்த நேரம் முன்பக்கம் நங்கூரத்தருகே இருப்பார். கேப்டன் எதையும் கேட்க மாட்டார். யாரும் தடுத்திருக்க முடியாது.

நான் சொன்னேன்: “அதுக்குத் திரும்ப உறை போடணுமே அண்ணே. சுத்துனது தாங்கும்.”

இரண்டு மணி நேர வேலை. அதற்குச் சோம்பல்பட்டேன். அவ்வளவுதான் விஷயம். சீஃப் சாரைப் பற்றி நான்கு பக்கம் எழுதினாலும் இந்த வரி மாறாது.

பத்து நாற்பதுக்குப் படகு வந்தது. அலை அதை ஓர் ஆள் உயரம் தூக்கித் தூக்கிப் போட்டது. சதக்கத்துல்லா சார் சரியான நேரத்தில் தாவிப் பிடித்தார். வழுக்கவில்லை. ஆறு படி, ஏழு படி, எண்ணிக்கொண்டே இருந்தேன். அவர் முகம் எனக்குத் தெரிந்தது, சிரித்தார். கையை நீட்டினேன். இன்னும் இரண்டு படி ஏறியிருந்தால் பிடித்திருப்பேன். அப்போது இடது கயிறு போயிற்று. பெரிய சத்தமெல்லாம் இல்லை. ஈரத் துணியைக் கிழிப்பது மாதிரி. ஏணி ஒரு பக்கமாகத் திரும்பி அவரைக் கப்பலின் மேல் அடித்தது. பிறகு அவர் படகின் விளிம்பில் பட்டுத் தண்ணீரில் விழுந்தார். மிதவையை எறிந்தேன். படகுக்காரர்கள் இழுத்துப் போட்டுக்கொண்டு கரைக்குப் பறந்தார்கள்.

படகு திரும்பிய ஐந்தாவது நிமிடம் சீஃப் சார் வந்தார். முகம் வெளுத்திருந்தது, சட்டை மடிப்பு அப்படியே இருந்தது. “அந்த ஏணிய எடுங்க. புதுச மாட்டுங்க. சீக்கிரம்.”

பழைய ஏணியில் இரண்டு இரும்பு வளையத்தைக் கட்டிக் கடலில் போட்டோம், நானும் போசனும். போசன் சிலுவை போட்டுக்கொண்டார். புது ஏணி புதிதாகத் தெரிந்தது. அதனால் கடல் தண்ணீர் ஊற்றி, கரித்தூள் தேய்த்து, படிகளைக் கம்பித் தூரிகையால் சுரண்டினேன். பழையதைப் புதிதாக்கியதைவிடப் புதியதைப் பழையதாக்குவதில் உழைப்பு அதிகம். அதையும் நேர்த்தியாகத்தான் செய்தேன்.

ஜூலை 15

பெர்பெத்தா காலையிலேயே ஆப்பிளும் மாதுளையும் வாங்கிப் பையில் போட்டு வாசலில் வைத்திருந்தாள். “போய்ப் பாத்துட்டு வாங்க” என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

சதக்கத்துல்லா சார் மூன்றாவது மாடியில் இருந்தார். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மனிதர் பாதியாகியிருந்தார். என்னைப் பார்த்ததும், “வாங்க ஏணிக்காரரே, இங்க சாயா குடுக்க மாட்டேங்காங்க” என்றார். அவருடைய மனைவி நாற்காலி எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

“வலி எப்பிடி இருக்கு சார்?”

“வலி கெடக்கட்டும். என் கவனக்குறைவுதான் காரணம்னு முடிக்கப் போறாங்களாம். முப்பது வருசம் ஏறியிருக்கேன், ஒரு தடவ வழுக்கினதில்ல. இப்ப வழுக்குனேன்னு ஏழு பேரு கையெழுத்துப் போட்டிருக்காங்களாம். கயிறு அந்துபோனத என் கை உணர்ந்துச்சு தம்பி. ஆனா ஏழு பேருல்ல? ஏழு பேரும் பொய்யா சொல்லுவாங்க? எனக்கே சந்தேகமாப் போச்சு.”

நான் பழப் பையை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நீங்க வழக்கமா ஏணியப் பாக்கவே மாட்டீங்களே சார்” என்றேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. பழியில் ஒரு பங்கை அங்கேயே இறக்கி வைத்துவிடலாம் என்ற நப்பாசையாக இருக்கலாம்.

“யாரு சொன்னா? எறங்கி ஏறுற தொழில்ல பாக்காம ஏறுவனா? சத்தம் போடாமப் பாப்பேன், அவ்வளவுதான். அன்னைக்கும் பாத்தேன். நாலாவது படிகிட்ட நூல் சுத்தியிருந்துச்சு. சுத்தியிருக்கேன்னு ஒரு நிமிசம் யோசிச்சேன். ஆனா அது என்னா நேர்த்தி! ரெண்டு பக்கமும் அச்சடிச்ச மாதிரி. இவ்வளவு பொறுப்பா சுத்துறவன் அழுவுன கயித்துல சுத்துவானா, சும்மா பலத்துக்குச் சுத்தியிருப்பான்னு நம்பி ஏறுனேன்.”

அவருடைய மனைவி மாதுளையை உரித்துக் கிண்ணத்தில் போட்டு என் பக்கம் நீட்டினார். இரண்டு முத்து எடுத்துக்கொண்டேன். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கி வந்தேன்.

ஜூலை 16

கப்பலுக்குத் திரும்பினேன். கிடங்கு கழுவினோம்.

ஜூலை 17

காலை பத்து மணிக்கு சர்வேயர் அலுவலகம். பெஞ்சில் ஒன்றேகால் மணி நேரம் உட்காரவைத்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கும் வரிசை உண்டு. எனக்கு முன்னால் மூன்று பேர் முகவரி மாற்றத்துக்கு வந்திருந்தார்கள்.

திருவேங்கடம் சார் பேனாவை மூடி வைத்துக்கொண்டே கேட்டார். “என்ன விஷயம்?”

“பைலட் வழுக்கல சார். கயிறு அந்துச்சு. பழைய ஏணிதான் கட்டியிருந்தோம். அப்புறம் கடல்ல போட்டுட்டோம்.”

“முதல்ல குடுத்த வாக்குமூலத்துல வேற மாதிரி இருக்கே?”

“அது சீஃப் சார் எழுதுனது. கையெழுத்து மட்டும் என்னுது.”

“கயிறு நைஞ்சிருந்தது முன்னாடியே தெரியுமா?”

இந்த இடத்தில் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அதைத்தான் ஒத்திகை பார்த்தேன். ஏணி கடலுக்கு அடியில் இருக்கிறது. மேனகா அம்மா எழுதிய குறிப்பில் சீஃப் சார் கையெழுத்து மட்டும்தான். நூல் சுற்றியது யார் என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. முதன்முறையாகப் பதிவேடு எனக்குச் சாதகமாக இருந்தது.

“தெரியும் சார். வெளிய தெரியாம நூல் சுத்துனது நான்தான். அன்னைக்குக் காலைல போசன் புதுச மாட்டலாம்னு சொன்னாரு. நான்தான் வேண்டாம்னேன்.”

“ஏன்?”

“திரும்ப உறை போடணும்னு சார்.”

பேனாவைத் திறந்தார். “அத அப்படியே உங்க கைப்பட எழுதுங்க” என்று தாளை நகர்த்தினார். தமிழில் எழுதலாமா என்று கேட்டேன். எழுதலாம் என்றார். ஒன்றரைப் பக்கம் வந்தது. என் கையெழுத்து வழக்கத்தைவிட மோசமாக இருந்தது.

ஜூலை 28

வீட்டில் இருக்கிறேன். கப்பல் வேலைக்கு அனுமதி தரும் என் மாலுமிப் புத்தகத்தை இரண்டு வருடம் முடக்கிவிட்டார்கள். சீஃப் சாரின் சான்றிதழையும் பிடித்து வைத்திருக்கிறார்கள், அவர் சென்னையில் வக்கீல் பார்க்கிறார். கேப்டன் குருவிலா தனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ஏணி விஷயத்தில் அவர் சொன்ன அளவுக்கு நேர்மையான வாக்கியம் வேறு யாரும் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளாமலிருக்க அவர் எவ்வளவு பாடுபட்டார் என்று எங்களுக்குத்தான் தெரியும். நான் எழுதிக் கொடுத்த மறுநாளே போசனும் சர்வேயரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். “ஓய்வு பெறுற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு இருந்தேன்லே, கெடுத்துட்ட” என்று போனில் திட்டினார். குரல் என்னவோ தெளிவாக இருந்தது.

கம்பெனி ஓர் அறிக்கை விட்டிருக்கிறது. பாதுகாப்புக்குத்தான் எப்போதும் முதலிடமாம். சில தனிநபர்களின் தவறுக்காக வருந்துகிறார்களாம். நான் தனிநபர். இருபது வருடம் ஓர் அறையில் நாலு பேரோடு படுத்திருந்தபோது இது தெரியாமல் போயிற்று.

கப்பல் போய்விட்டது. புது ஏணியை விசாரணைக்கென்று எடுத்து, உறை போட்டு, முத்திரை வைத்து அலுவலக அலமாரியில் வைத்திருக்கிறார்கள்.

பெர்பெத்தாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அன்று இரண்டு வேளை பேசவில்லை. மூன்றாவது வேளை, “சாப்பிட வாங்க” என்றாள்.

இன்று மத்தியானம் சதக்கத்துல்லா சாரிடமிருந்து போன் வந்தது. அவர்மேல் குற்றம் இல்லை என்று முடிவாகிவிட்டது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டாராம். வாக்கர் வைத்து நடக்கிறாராம். இனிமேல் கப்பல் ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

“நூல் சுத்துனது நீங்கதானாம்ல” என்றார்.

“ஆமா சார்.”

வாக்கரை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

“அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தப்பவே சொல்லியிருக்கலாமே.”

“பயமா இருந்துச்சு சார்.”

“எனக்கும் இருந்துச்சு, உழும்போது” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.